கிட்டார் சாம்பிள் லைப்ரரி: கீபோர்டு விரல்கள் செய்யும் தவறுகள்

கிட்டார் சாம்பிள் லைப்ரரி என்பது கீபோர்டில் வாசிக்கப் பதிவுசெய்து வைத்த கிட்டார் ஒலிகளின் தொகுப்பு. சி மேஜர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) என்றதும் கீபோர்டில் விரல்கள் சி, ஈ, ஜி என்று நெருக்கமாக விழும். கிட்டாரில் அதே கார்டை ஓப்பனாக, அதாவது சில கம்பிகளை அழுத்தாமல் பிடித்தால் ஐந்தாவது கம்பியில் தொடங்கி சி, ஈ, ஜி, சி, ஈ என ஐந்து ஸ்வரங்கள் வரும். மிடி எண்ணில், அதாவது கணினி ஸ்வரங்களைக் குறிக்கும் எண்ணில், 48, 52, 55, 60, 64. எவ்வளவு விலையுயர்ந்த லைப்ரரியானாலும் இந்த விரிவு இல்லாவிட்டால் கிட்டாராகக் கேட்காது. ஒரு கம்பியில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் என்பதும் பலருக்கு மறந்துவிடுகிறது. வழக்கமான டியூனிங்கில் 40ம் 43ம் சேர்ந்து ஒலிக்கவே முடியாது. இரண்டும் ஆறாவது கம்பியில் மட்டுமே கிடைக்கும். லைப்ரரியில் ஸ்ட்ரம் எஞ்சின் (கம்பிகளை வரிசையாக மீட்டும் ஸ்ட்ரம்மைத் தானே வாசிக்கும் பகுதி) இருந்தால் கார்டு அமைப்பை அது பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் கார்டு படத்தைப் பார்த்து ஒவ்வொரு ஸ்வரமாகப் போட வேண்டியதுதான்.

கையால் ஸ்ட்ரம் எழுதும்போது எல்லா ஸ்வரங்களையும் ஒரே கோட்டில் குவான்டைஸ் செய்யாதீர்கள், அதாவது ஒரே கணத்தில் விழும்படி ஒட்டவைக்காதீர்கள். கம்பிக்குக் கம்பி 5 முதல் 15 மில்லிசெகண்ட் இடைவெளி விடுங்கள். கீழ்நோக்கிய அடியில் தடித்த கம்பி முதலில். மேல்நோக்கிய அடியில் மெல்லிய மூன்று நான்கு கம்பிகள் மட்டும், வெலாசிட்டியும் (அடியின் வலு) குறைவாக.

டிஸ்டார்ஷனில்தான், அதாவது ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) தரும் கரகரப்பான ஒலியில்தான், அதிகம் சறுக்குகிறார்கள். ஏற்கெனவே ஆம்ப் வழியாகப் பதிவான தனி ஸ்வரங்களை அடுக்கிக் கார்டு போட்டால், மூன்று பேர் மூன்று ஆம்பில் ஆளுக்கொரு ஸ்வரம் வாசித்தது போலிருக்கும். நிஜத்தில் எல்லாக் கம்பிகளும் ஒரே ஆம்புக்குள் நுழைந்து, அங்கே ஒன்றோடொன்று மோதிப் புதிய அதிர்வெண்களை உண்டாக்குகின்றன. அந்த உறுமல் வேண்டுமென்றால் டிஐயாக, அதாவது ஆம்ப் இல்லாமல் நேரடியாகப் பதிவான சுத்தமான சாம்பிளை எடுத்து, மொத்தமாக ஒரு ஆம்ப் சிமுலேட்டருக்குள் (ஆம்பைப் போல ஒலிக்கும் மென்பொருள்) அனுப்புங்கள். லைப்ரரியின் சொந்த ரிவெர்பை (அறை எதிரொலி) அதற்கு முன் அணைத்துவிடுங்கள்; ரிவெர்ப் மீது டிஸ்டார்ஷன் விழுந்தால் சகதிதான்.

அடுத்தது டபுளிங், அதாவது ஒரே பகுதியை இரு ட்ராக்குகளாக இடமும் வலமும் வைப்பது. ஒரே ட்ராக்கை நகலெடுத்து இடதும் வலதும் தள்ளினால் அகலம் வராது. ஒலி நடுவிலேயே நின்று சத்தம் மட்டும் கூடும். ஒன்றை 15 மில்லிசெகண்ட் தள்ளிவைத்தால் ஹெட்போனில் பிரமாதம், ஆனால் மோனோ ஸ்பீக்கரில் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்து ஒலி மெலிந்துவிடும். இரண்டாவது ட்ராக்கைப் புதிதாக வாசிப்பதே சரி. அப்போதும் ரவுண்ட் ராபின் (ஒரே ஸ்வரத்தின் பல பதிவுகளை மாற்றி மாற்றி ஒலிக்கும் முறை) இரு பக்கமும் அதே சாம்பிளைத் தொடக்கூடும். இரண்டாவது ட்ராக்கில் மிடியை 1 செமிடோன் ஏற்றி, சாம்பிளரின் டியூனிங்கை 1 செமிடோன் இறக்குங்கள். ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும்) தனித்தனியாகப் பதிவான லைப்ரரி என்றால் பக்கத்து ஃப்ரெட்டின் வேறு பதிவு ஒலிக்கும்.

ஆனால் இதைச் செய்யும்போதோ பாட்டின் சுருதியை மாற்றும்போதோ, கீஸ்விட்ச்களையும் (ஒலிக்காமல் வாசிப்பு முறையை மட்டும் மாற்றும் கீகள்) சேர்த்து நகர்த்திவிடாதீர்கள். பாம் மியூட் (உள்ளங்கையால் அமுக்கிய ஒலி) இருந்த இடத்தில் ஹார்மோனிக் (மணி போன்ற மெல்லொலி) கேட்டால் காரணம் பெரும்பாலும் அதுதான். கீஸ்விட்சைத் தான் மாற்ற வேண்டிய ஸ்வரத்துக்குச் சற்று முன்னால் வையுங்கள். சரணத்தின் தொடக்கத்திலும் ஒருமுறை போடுங்கள். நடுவிலிருந்து பிளே செய்யும்போது முந்தைய கீஸ்விட்ச் படிக்கப்படாமல் போகலாம்.

பெண்ட், அதாவது கம்பியை இழுத்து ஸ்வரத்தை ஏற்றுவது பற்றி ஒன்று. கீபோர்டில் அதைச் செய்யும் பிட்ச் வீல், தன் மிடி சேனலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களையும் சேர்த்தே இழுக்கும். இரு கம்பிகளில் ஒன்றை மட்டும் இழுத்து மற்றதன் ஸ்வரத்தோடு சேர்க்கும் யூனிசன் பெண்டுக்கு, இழுக்கும் ஸ்வரத்தைத் தனி ட்ராக்கில் போடுங்கள்.