வைக்கோல் கட்டுகளில் சுவர் எழுப்புவது எப்படி?

வைக்கோல் சுவர் என்றதும் பலரும் தீயை நினைத்துத்தான் அஞ்சுகிறார்கள். இறுக்கிக் கட்டிய வைக்கோலுக்குள் காற்றோட்டம் குறைவு. மேலே மண்ணோ சுண்ணாம்போ கனமாகப் பூசிவிட்டால் தீ சுலபத்தில் உள்ளே போகாது. உண்மையான எதிரி தண்ணீர். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், ஆர்தர் என்ற சிற்றூரில் 1928இல் வைக்கோல் கட்டுகளால் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. ஈரம் தங்காதவரை வைக்கோல் மட்காது.

முதல் முயற்சிக்கு வீடு வேண்டாம், சிறிய கருவி அறை போதும். கூரையின் பாரத்தை மரச்சட்டம் தாங்கட்டும். சட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை மட்டும் வைக்கோல் நிரப்பட்டும்.

1. கட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். நெல், கோதுமை, பார்லி எதன் வைக்கோலும் ஆகும். உலர்த்திய தீவனப் புல் ஆகாது. சத்தும் விதையும் இருப்பதால் பூச்சியும் எலியும் வரும். கயிற்றைப் பிடித்துத் தூக்கினால் கட்டு வளையக் கூடாது. ஈரத்தை அளக்கும் ஈரமானியை நடுவில் செருகுங்கள்: 15 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 20ஐத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள். பூஞ்சை நாற்றமோ கரும்புள்ளியோ இருந்தாலும் வேண்டாம்.

2. கல்லாலோ செங்கல்லாலோ தரையிலிருந்து குறைந்தது 30 செ.மீ. உயரத்துக்கு அடித்தளம் கட்டி, மேலே ஈரத்தடுப்புத் தாள் விரியுங்கள். கட்டுகள் வந்து இறங்கும் முன்பே கூரை முடிந்திருக்க வேண்டும். கூரை விளிம்பு சுவரைத் தாண்டி 60 செ.மீ. நீண்டால் சாரலுக்குப் பயமில்லை.

3. செங்கல் வரிசை போலவே மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் படுக்கையாக அடுக்குங்கள். அரைக்கட்டு தேவைப்பட்டால் முதலில் புதுக் கயிறு கட்டி, பிறகே பழையதை அறுக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையையும் மேலிருந்து அழுத்துங்கள். இடுக்குகளில் களிமண் குழம்பில் தோய்த்த வைக்கோலைத் திணியுங்கள். உதிர்ந்த வைக்கோலை அன்றன்றே கூட்டி அகற்றுங்கள். கட்டுமான நேரத்தில் தீ பிடிப்பது அதில்தான்.

4. இனி பூச்சு. பொறுமை முழுவதும் இங்கே வேண்டும். முதல் கை, அதாவது முதல் அடுக்கு, நீர்த்த களிமண் குழம்பு. வைக்கோலுக்குள் ஏறும்படி உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். இரண்டாவது கைக்கு ஒரு பங்கு களிமண், இரண்டு மூன்று பங்கு மணல், விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல் அல்லது சணல் நார். நார்தான் வெடிப்பைப் பிடித்து நிறுத்துகிறது. மண்ணுக்கு மண் குணம் மாறும் என்பதால் விகிதத்தை மாற்றி மாற்றி மூன்று நான்கு இடங்களில் பூசிக் காயவிடுங்கள். வெடித்தால் மணலோ நாரோ கூட்டுங்கள். உதிர்ந்தால் களிமண் போதவில்லை. 2 முதல் 3 செ.மீ. கனம் வரட்டும். மழை படும் பக்கத்துக்குக் கடைசியாகச் சுண்ணாம்புப் பூச்சு கொடுங்கள்.

சிமெண்ட் பூச்சை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மயிரிழை வெடிப்பு வழியே நீர் உள்ளே போகும். திரும்ப ஆவியாகி வெளியேற முடியாது.

5. ஜன்னலின் அடிப்பலகை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் நீர் புகுவது அங்கேதான். முதல் மழைக்காலம் முடிந்ததும் அதன் கீழே ஈரமானியால் சோதியுங்கள். 20ஐத் தாண்டிக் காட்டினால், கசியும் இடத்தை அடைத்து, அங்குள்ள பூச்சை மட்டும் பெயர்த்து உலரவிட்டு மறுபடி பூசுங்கள்.