சில்லுப் பேரிங் மாற்றுவது எப்படி: ஒரே வேலையை இரண்டு தரம் செய்தவனின் விளக்கம்

எனக்கு வேலை யாழ்ப்பாணத்துக் காரைநகரில். பொன்னாலைப் பாலத்தால்தான் தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வருகிறேன். சோளகம் (தென்மேல் காற்று) அடிக்கும் மாதங்களில் உப்புத் தண்ணி தெறிக்கும். மாரியில் எங்கள் ஒழுங்கைக்குள் சில்லு பாதி மூழ்கும். இந்த வாழ்க்கையில் சில்லுப் பேரிங் (சில்லு உரசாமல் சுற்ற உதவும், குண்டுகள் உள்ள வளையம்) போவது அதிசயமில்லை. வேகம் நாற்பதைத் தாண்டினால் முன்பக்கம் ஊ... என்று உறுமும். ரயர் சத்தம் என்று ஒரு மாதம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

முதலில் பேரிங்தானா என்று பாருங்கோ

டபிள் ஸ்ராண்டில் விட்டு, ஒருவரைப் பின்னால் அமத்தச் சொன்னால் முன்சில்லு தூக்கும். ரயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கோ. 'டக் டக்' என்று ஆடினால் உடனே பேரிங்தான் என்று முடிவெடுக்க வேண்டாம். சில்லைப் பிடிக்கும் முன் கால்களும் சேர்ந்து ஆடினால் அது கோன் செற், அதாவது ஹாண்டில் திரும்பும் இடத்துப் பேரிங். கால்கள் அசையாமல் சில்லு மட்டும் ஆடினால்தான் பேரிங். பின்சில்லில் இதே குழப்பத்தை ஸ்விங் ஆர்ம் (பின்சில்லைத் தாங்கும் கை) புஷ் தரும்.

பிறகு சில்லைச் சுழற்றி, நீட்டு ஸ்குரூ டிரைவரின் நுனியை அக்சில் (சில்லின் நடுத்தண்டு) முனையில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கோ. பிறேக் உரசுவது 'சர்... சர்...' என்று விட்டுவிட்டு வரும். பேரிங் என்றால் விடாமல் உறுமும்.

கடைசித் தீர்ப்பு விரலில். சில்லைக் கழட்டி, பேரிங்கின் உள்வளையத்துக்குள் விரலை விட்டுச் சுற்றுங்கோ. (கழட்டுவதை விளக்கப்போவதில்லை, பஞ்சர் ஒட்டியவருக்கு அது தெரியும். அக்சிலில் கோத்திருக்கும் கொலர் வளையங்களில் எந்தப் பக்கம் எது இருந்தது என்று ஒரு போட்டோ மட்டும் எடுத்து வையுங்கோ.) மணல் அரைபடுவதுபோல் இருந்தாலோ, ஓரிடத்தில் கொக்கி பிடித்தாலோ அது முடிந்துவிட்டது. கொஞ்சம் கனமாக, ஆனால் வழவழவென்று சுற்றினால் நல்லது. கிறீஸ் நிறைந்த சீல் பேரிங் பம்பரம்போல் சுற்றாது.

பேரிங் வாங்குதல்

பழையதன் ஓரத்தில் எண் இருக்கும். என்னுடையதில் 6301. அதாவது உள்விட்டம் 12, வெளிவிட்டம் 37, அகலம் 12 மி.மீ. கடைசி இரண்டு இலக்கம் உள்துளையைச் சொல்லும்: 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17, 04 முதல் ஐந்தால் பெருக்கினால் சரி. 6201இலும் உள்விட்டம் அதே 12தான், ஆனால் வெளிவிட்டம் 32. அதனால் அக்சிலைக் காட்டி "இதுக்குப் போடுற பேரிங் தாங்கோ" என்று கேட்டால் பிழையாய்ப்போகும்.

எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கோ. இரண்டு பக்கமும் றப்பர் சீல் உள்ளது அது. இரண்டு இசட் போட்டதில் தகரமூடி. தூசியை மறிக்கும், எங்கள் ஊர்த் தண்ணியை மறிக்காது. ரவுணில் ஸ்ரான்லி வீதிப் பக்கம் என்ரிஎன், என்எஸ்கே, கோயோ என்று கேட்டுப் பாருங்கோ. பெயரில்லாத மலிவுப் பேரிங்கை நான் தொடமாட்டேன். ஒன்றுதான் கெட்டிருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கோ.

கழட்டுதல்

ஹப்பின் (சில்லின் நடுக்கூடு) வெளிச் சீலைக் கிளப்பி எடுத்தால் உள்ளே இரண்டு பேரிங், நடுவில் ஒரு குழாய். எதிர்ப்பக்கத்தால் நீட்டுக் கம்பியை விட்டு அந்தக் குழாயைக் கொஞ்சம் சரித்தால், பேரிங்கின் உள்வளைய விளிம்பு தட்டுப்படும். அங்கே ஒரு தட்டு, நேர் எதிரே ஒரு தட்டு என்று மாறி மாறித் தட்டுங்கோ. ஒரே இடத்தில் அடித்தால் பேரிங் சரிந்து இறுகும். வராவிட்டால் ஹப்பில் துணி சுற்றிக் கொதிதண்ணி ஊற்றுங்கோ. அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும்.

பூட்டுதல்: நான் விழுந்த குழி

புதுப் பேரிங்கை முதல்நாள் இரவே பொலித்தீனில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கோ. (மீனுக்குப் பக்கத்தில் வைத்து வாங்கிய ஏச்சு வேறு கதை.) மண்ணெண்ணெயில் கழுவ வேண்டாம், உள்ளே இருக்கிற கிறீஸைக் கரைத்துவிடும். அடிப்பது எப்போதும் வெளிவளையத்தில் மட்டும். 37 மி.மீ. பேரிங்குக்கு, வெளிவிட்டம் 36 அளவில் உள்ள சொக்கற் (நட்டுக் கழட்டும் குழாய்ச் சாவி) ஒன்று போதும். உள்வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் பாதையில் பள்ளம் போடும். புதுசு அன்றைக்கே பழசு.

முதல் பேரிங்கை அடிவரை இறக்குங்கோ. இறங்கும் வரை 'டொக் டொக்' என்று கேட்கும் சத்தம், உட்கார்ந்ததும் 'டங்' என்று மாறும். சில்லைத் திருப்பி நடுக்குழாயை வையுங்கோ. பிறகு இரண்டாவது.

நான் அந்தக் குழாயை வைக்கவில்லை.

கழட்டும்போது உருண்டு போயிருக்கிறது, கவனிக்கவில்லை. பூட்டி, அக்சில் நட்டை இறுக்க இறுக்கச் சில்லும் இறுகிக்கொண்டே வந்தது. "புதுசுதானே, அப்பிடித்தான் இருக்கும்" என்று ஓடினேன். மூன்றாம் கிழமை பழைய உறுமல் திரும்பியது, ஹப்பில் கை வைக்க முடியாத சூடு. அன்று பின்னேரம் அம்மா விளக்குமாறும் கையுமாக வந்தா. "தம்பி, உந்தக் குழாய் உன்ர சாமானோ? வாளிக்குப் பின்னால கிடந்தது."

நட்டை இறுக்கும்போது வரும் அமுக்கத்தை ஒரு உள்வளையத்திலிருந்து மற்றதற்குக் கடத்துவது அந்தக் குழாய்தான். அது இல்லாவிட்டால் இரண்டு உள்வளையங்களும் உள்ளே நெரிபட்டு, குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கும். குழாய் இருந்தாலும், இரண்டாவது பேரிங்கை அது குழாயில் முட்டியதும் நிறுத்துங்கோ. அதற்கு மேலும் அடித்தால் இதே நெரிசல்தான். விரலால் தள்ளினால் குழாய் மேலும் கீழுமாகக் கொஞ்சம் நகரலாம், கடகடவென்று ஆடக்கூடாது.

ஸ்பீட் மீற்றர் பல்லுப்பெட்டியின் காது ஹப் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு நட்டை இறுக்குங்கோ. இறுக்கிய பிறகும் சில்லு முன்புபோல் சுற்ற வேண்டும். இறுக்கத்தோடு சில்லும் இறுகினால் ஓட வேண்டாம், திரும்பக் கழட்டுங்கோ.

பின்சேர்க்கை

பின்சில்லில் இரண்டு பேரிங்கையும் மாற்றியும் சத்தம் போகவில்லை என்று இதை வாசித்த ஒருவர் எழுதியிருந்தார். செயின் சக்கரம் பூட்டியிருக்கும் தட்டுக்குள் பெரும்பாலான பைக்குகளில் மூன்றாவதாக ஒரு பேரிங் இருக்கும், பெரும்பாலும் வேறு எண். செயின் இழுப்பதால் அதுதான் முதலில் போகும். அவருக்கும் அதுவேதான்.

இன்னொருவருக்குப் புதுப் பேரிங் கையாலேயே ஹப்புக்குள் போய்விட்டதாம். அப்படியானால் ஹப் தேய்ந்துவிட்டது. சோடா ரின்னை வெட்டிச் சுற்றிப் போடலாமா என்று கேட்டார். முன்சில்லில் அந்த விளையாட்டு வேண்டாம். லேத் பட்டறையில் கொடுத்தால் ஹப்பைக் கடைந்து புஷ் போட்டுத் தருவார்கள். போகும்போது பேரிங்கையும் கையோடு கொண்டுபோங்கோ, அளந்துதான் கடைவார்கள்.