பழைய படத்துக்கு விமர்சனம் எழுதும்முன், எந்தப் பிரதி என்று பாருங்கள்

'காலத்தால் அழியாத காவியம்', 'ஒவ்வொரு ஃபிரேமும் ஓவியம்', 'உலக சினிமாவின் உச்சம்'. இப்படி எழுதப்பட்ட விமர்சனத்தில் படத்தின் பெயரை மட்டும் மாற்றிப் பாருங்கள், கட்டுரை அப்படியே நிற்கும். கிளாசிக் படங்களுக்கு வரும் பெரும்பாலான விமர்சனங்கள், படத்துக்கு ஏற்கெனவே இருக்கும் பெயரைத்தான் விமர்சிக்கின்றன. திரையில் என்ன நடந்தது என்பது அதில் இருக்காது.

அடுத்தது, எந்தப் பிரதியைப் பார்த்தோம் என்று கவனிக்காமல் தீர்ப்புச் சொல்வது. ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபொலிஸ்' 1927இல் வெளியான சில மாதங்களிலேயே வெட்டிச் சுருக்கப்பட்டது. வெட்டிய பகுதிகளில் பெரும்பாலானவை 2008இல்தான் புவெனஸ் அய்ரஸில் ஒரு 16 மி.மீ. பிரதியில் கிடைத்தன. அவற்றைச் சேர்த்த பிரதி 2010இல் வந்தது. அதற்கு முந்தைய பிரதி ஒன்றைப் பார்த்துவிட்டு 'திரைக்கதை ஓட்டையாக இருக்கிறது' என்று எழுதினால், அந்த ஓட்டை கத்தரி போட்டவர்களுடையது. மௌனப் படங்களில் ஆட்கள் பொம்மை மாதிரி விறுவிறுவென்று ஓடுவதும் பல நேரம் இப்படித்தான். நொடிக்கு 16 முதல் 20 ஃபிரேம் வரை எடுத்ததை 24இல் ஓட்டினால் வேறு எப்படித் தெரியும்? அகலத்திரைக்காக மேலும் கீழும் நறுக்கிய பிரதியைப் பார்த்துவிட்டு ஒளிப்பதிவாளரைத் திட்டுவதும் இதே கணக்கில் வரும்.

கலைப்படம் என்றால் 'ரொம்ப மெதுவாகப் போகிறது' என்று ஒரு வரி கட்டாயம் வரும். போரடித்தால் போரடித்தது என்று எழுதுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் எந்த இடத்தில் போரடித்தது, அங்கே படம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஷாந்தால் ஆகர்மானின் 'ஜான் டீல்மான்' (1975) 201 நிமிடம் ஓடுகிறது. ஒரு பெண் சமைப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் அசையாத கேமரா பார்த்துக்கொண்டே இருக்கிறது. அவளுடைய ஒழுங்கு நமக்குப் பழகிவிடுகிறது. அப்புறம் மறுநாள் உருளைக்கிழங்கு அளவுக்கு மேல் வெந்துவிட, பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் நடக்கிறாள். வேறு படத்தில் இது ஒரு காட்சியாகவே தேறாது. இங்கே நெஞ்சு பதறுகிறது. முதல் நாளை வேகமாக ஓட்டிவிட்டுப் பார்த்தவருக்கு இது வெறும் உருளைக்கிழங்குதான்.

ஆவணப்பட விமர்சனத்தில் நடப்பது இன்னும் மோசம். 'எல்லோரும் அறிய வேண்டிய விஷயம், எனவே அருமையான படம்' என்று முடித்துவிடுகிறார்கள். விஷயத்துக்கும் படத்துக்கும் ஒரே மதிப்பெண்! யார் பேசுகிறார், யாரைப் பேச விடவில்லை, இசை எங்கே நுழைகிறது என்பதெல்லாம் கண்ணிலேயே படுவதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: 'நடித்துக் காட்டியிருக்கிறார்கள், அதனால் பொய்.' எரால் மோரிஸின் 'தி தின் புளூ லைன்' (1988) ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டுகிறது. ஒவ்வொருவர் சாட்சிக்கும் ஏற்ப ஒவ்வொரு மாதிரி. 'இதுதான் நடந்தது' என்று அந்தக் காட்சிகள் சொல்லவில்லை, சாட்சிகள் எவ்வளவு முரண்படுகிறார்கள் என்று காட்டுகின்றன. அந்தக் கொலைக்காகத் தண்டனை பெற்றிருந்த ராண்டால் ஆடம்ஸ் அடுத்த ஆண்டே விடுதலையானார். ராபர்ட் ஃபிளாஹர்ட்டியின் 'நானூக் ஆஃப் தி நார்த்' (1922) கதை வேறு. துப்பாக்கி புழக்கத்துக்கு வந்துவிட்ட காலத்தில், வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களைப் பழைய முறையில் வேட்டையாடச் சொல்லிப் படம் எடுத்தார்கள். பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதாததால், ஒரு பக்கம் திறந்த வீடு கட்டினார்கள். இரண்டுமே நடிப்புதான். எது எதற்காக நடிக்கப்பட்டது என்று பிரித்துச் சொல்வதுதான் விமர்சகரின் வேலை.

'அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்' என்ற சமாதானத்தையும் சரிபார்க்காமல் எழுதாதீர்கள். 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தின் இனவெறியைப் பற்றிப் பேசும்போது இந்தச் சமாதானம் தவறாமல் வரும். அந்தப் படம் வெளியான 1915ஆம் ஆண்டிலேயே கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்ஏஏசிபி அதை எதிர்த்துப் போராடியது. 'எல்லோரும்' என்பதில் அவர்களைச் சேர்க்க மறந்துவிடுகிறோம்.

'முதன்முதலாக' என்ற சொல்லும் ஆபத்தானது. முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் ஆழக் காட்சிகளை 1941இல் 'சிட்டிசன் கேன்' கண்டுபிடித்ததாக இன்னும் எழுதுகிறார்கள். அப்படிப்பட்ட காட்சிகளோடு ழான் ரெனுவார் 1939இலேயே 'தி ரூல்ஸ் ஆஃப் தி கேம்' எடுத்துவிட்டார்.

கதைச் சுருக்கத்துக்கு ஒரு பத்தி போதும். எழுபது வருடப் பழைய படமாக இருந்தாலும் முடிவைச் சொல்லும்முன் ஒரு வார்த்தை எச்சரித்துவிடுங்கள், படிப்பவர் இன்றைக்குத்தான் பார்க்கப்போகிறவராக இருக்கலாம்.