தேயும் பக்கங்கள்: மொபைலில் ஒரு வீடியோ ஆர்ட் செய்யும் முறை

அச்சுப் புத்தகங்கள் நம் கையை விட்டுப் போவதைப் பற்றி வீடியோ செய்ய உட்காரும் பலர், முதலில் எடிட்டிங் ஆப்பில் எழுத்து கரைகிற எஃபெக்டைத்தான் தேடுகிறார்கள். அது வேண்டாம். எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் அது ஒரே மாதிரிதான் கரைக்கும். உங்கள் பக்கம் நிஜமாகவே தேயட்டும். ஒரு மொபைல், ட்ரைபாட், மேசை விளக்கு, லேப்டாப் இருந்தால் போதும்.

படி 1: ஒரே ஒரு பக்கம்

அலமாரி முழுவதையும் படம்பிடிக்க ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். பலர் கைபட்ட ஒரு புத்தகத்தில் ஒரு பக்கம் போதும். ஓரத்தில் பென்சில் குறிப்பு, மடித்த மூலை, பூச்சி அரித்த துளை என்று ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது.

படி 2: விளக்கைத் தாழ்த்துங்கள்

அறையை இருட்டாக்கி, விளக்கைத் தாளின் மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் வையுங்கள். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த பழைய புத்தகம் என்றால், எழுத்துகள் தாளை அழுத்திய பள்ளங்கள் நிழலோடு எழுந்து வரும். மறுபக்கத்து வரிகள்கூட மெல்லிய மேடாகத் தெரியும். ரப்பர் உருளை வழியாக மையைத் தாளுக்கு மாற்றும் ஆப்செட் அச்சில் இந்த அழுத்தம் கிடையாது.

ஓரங்கள் நடுப்பகுதியைவிடப் பழுப்பாக இருப்பதையும் பாருங்கள். மரக்கூழ்த் தாளில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள், ஒளியும் காற்றும் பட்டு நிறம் மாறுகிறது. அவை அதிகம் படுவது ஓரத்தில்தான். ஒயிட் பேலன்ஸை (எது வெள்ளை என்று கேமரா கணிக்கும் அமைப்பை) ஆட்டோவில் விட்டால் கேமரா அந்தப் பழுப்பைச் 'சரிசெய்து' வெளுத்துவிடும். எனவே ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) மூன்றையும் லாக் செய்துவிட்டு அரை நிமிடம் எடுங்கள். கடைசியில் ஒரு கை வந்து மெதுவாகப் பக்கத்தைப் புரட்டட்டும்.

படி 3: குரல்

அந்தப் புத்தகத்தை எப்போதோ படித்த ஒருவரிடம், அதைத் திறக்காமலேயே கதையைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். சில நாள் கழித்து அவரையே மறுபடியும் சொல்லச் சொல்லுங்கள். முதல் பதிவைப் போட்டுக்காட்ட வேண்டாம். பிரிட்டிஷ் உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட் இப்படித்தான் ஒரு கதையைப் படிக்கவைத்து, திரும்பத் திரும்ப நினைவுகூரச் செய்தார். ஒவ்வொரு தடவையும் கதை சுருங்கியது; பழக்கமில்லாத விஷயங்கள் பழகியவையாக மாறின. அதை 1932இல் வெளியிட்டார். உங்கள் பதிவிலும் பெயர்கள் மாறும், முடிவு மாறும். எதையும் திருத்தாதீர்கள். ஒரு பதிவை இடது ஸ்பீக்கரிலும் மற்றதை வலது ஸ்பீக்கரிலும் வையுங்கள். இரண்டும் முரண்படும் இடம்தான் எனக்கு இந்தப் படத்தின் உயிர்.

படி 4: நகலின் நகல்

எடுத்த வீடியோவை லேப்டாப்பில் முழுத்திரையில் ஓடவிட்டு, திரையை மொபைலால் படம்பிடியுங்கள். அந்த நகலை லேப்டாப்புக்கு மாற்றி ஓடவிட்டு, மறுபடியும் பிடியுங்கள். அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1969இல் தன் பேச்சை ஒரே அறையில் ஒலிக்கவிட்டு, பதிந்து, மறுபடி ஒலிக்கவிட்டு, சொற்கள் கரைந்து அறையின் அதிர்வு மட்டும் மிஞ்சும்வரை போனார். நாம் அதைக் கண்ணுக்குச் செய்கிறோம்.

லேப்டாப் திரை 60 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 60 முறை புதுப்பிப்பது) என்றால், மொபைல் கேமராவில் வினாடிக்கு 30 ஃபிரேம், ஷட்டர் 1/60 வினாடி என்று வையுங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடுவது பெருமளவு நிற்கும். வானவில் போல அலையலையாகக் கோடுகள் வந்தால் மொபைலைச் சற்று முன்பின் நகர்த்துங்கள்.

இப்படி நகலுக்கு நகல் எடுக்க எடுக்கப் படம் தேயும். மங்கலான பென்சில் குறிப்பு சீக்கிரமே போய்விடும். தமிழ்ப் பக்கமானால் மெய்யெழுத்துகளின் புள்ளிகளைக் கவனியுங்கள்: 'க்' மெல்ல 'க' ஆகும். வரிகள் வரிகளாகத் தெரிந்தும் படிக்க முடியாத நிலை வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் வெறும் கறைதான். ஒவ்வொரு சுற்றையும் எண் போட்டுத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள்.

படி 5: கோர்ப்பது

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். நகல்களை வரிசையாக அடுக்கி, அடியில் குரலைப் போடுங்கள். பின்னணி இசை வேண்டாம். அது பார்ப்பவருக்கு முன்னாலேயே அழுதுவிடும். கண்காட்சியில் லூப்பில் ஓடுவதானால், கடைசி நகலிலிருந்து முதல் பக்கத்துக்கு நேராக வெட்டுங்கள். பதிப்புரிமை உள்ள புத்தகம் என்றால், பொதுவில் காட்டும் முன் பதிப்பாளரிடம் அனுமதி கேட்டுவிடுங்கள்.