லொறி ஸ்பிரிங் பட்டையில் கவ்வாத்துக் கத்தி: சூடு, தோய்ச்சல், டெம்பர்

பழைய லொறி ஸ்பிரிங் பட்டையில், தேயிலைச் செடியின் கிளை வெட்டும் அருமையான கவ்வாத்துக் கத்தி அடிக்கலாம். ஆனால் அது எந்த எஃகு என்று பட்டையில் எழுதியிருக்காது. சிலதில் குரோமியம் இருக்கும், சிலதில் சிலிக்கன். காபன் பெரும்பாலும் 0.5 முதல் 0.65 சதவீதம். அதனால் கத்தியில் கை வைக்கும் முன் அதே பட்டையிலிருந்து ஆறு துண்டு வெட்டி, சூட்டை அவற்றில் பார்த்துவிடுங்கள். ஒரு நாள் போகும். இதைத் தவிர்த்துவிட்டுப் பத்துக் கத்தி அடித்தால் பத்தும் ஒரே விதமாகக் கெடும்.

ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும். துருவைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, மேலே சோக் பூசுங்கள். வெடிப்பு இருந்தால் சோக்கில் ஈரக் கோடு எழும்பும். அந்தப் பகுதியை வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை.

உலைக்குச் சிரட்டைக் கரி போதும். மஞ்சள் கலந்த செம்மஞ்சளில் அடிக்கத் தொடங்கி, மங்கல் சிவப்புக்கு வருமுன் நிறுத்த வேண்டும். அதற்குக் கீழே அடித்தால் வாய்ப்பக்கம் (வெட்டும் ஓரம்) வெடிக்கும். கத்தியின் முதுகு 4 மி.மீ. என்றால் சோதனைத் துண்டுகளும் 4 மி.மீ. கனத்துக்கே அடிக்கப்பட வேண்டும். கனம் மாறினால் எண்ணெயில் ஆறும் வேகமும் மாறிவிடும், சோதனை பொய் சொல்லும். வாயை இப்போதே கூராக்காமல் 1 மி.மீ. கனம் விட்டுவையுங்கள்.

அடித்து முடிந்ததும் மூன்று தடவை செஞ்சூடு ஏற்றிக் காற்றில் கறுக்கும்வரை ஆறவிடுங்கள். அடிக்கும் சூட்டில் பருத்த எஃகின் உள்மணிகள் இதில்தான் சிறுக்கும். ஆறவைக்கும் இடத்தில் காற்று அடிக்கக் கூடாது. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவச் சரிவுகளில் தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாக்கி அந்தக் காலத்தில் இரும்பு உருக்கினார்கள். அதே காற்று உங்கள் பட்டறை வாசலால் நுழைந்தால் மெல்லிய வாய் ஒருபக்கம் இறுகி வளைந்துவிடும்.

அடுத்தது தோய்ச்சல் சூடு, அதாவது எண்ணெயில் அமிழ்த்தி இறுக்குவதற்கு முன் ஏற்றும் சூடு. ஏறக்குறைய 770 பாகை செல்சியஸில் இரும்பைக் காந்தம் பிடிக்காது. தேவையான சூடு அதற்கும் மேலே, 830 முதல் 860 வரை. சிலிக்கன் பட்டைக்கு இன்னும் சற்றுக் கூட. நிறத்தை நம்புவதானால் உலையைச் சுற்றி இருட்டாக்குங்கள். மூடுபனி நாளில் செக்கச்செவேலென்று தெரிகிற துண்டு, வெயில் அடிக்கும்போது கறுப்பாகத் தெரியும். முதல் துண்டைக் காந்தம் விட்டவுடனும், இரண்டாவதை ஒரு படி கூடிய நிறத்திலும், மூன்றாவதை நன்றாகச் செம்மஞ்சளாக்கியும் எண்ணெயில் விடுங்கள். ஆறியபின் வைஸில் இறுக்கி, துணி சுற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு உடையுங்கள். உடையாமல் வளைந்தால் சூடு போதவில்லை. முறிவு சீனிக் கட்டிபோல் மினுங்கினால் சூடு மிஞ்சிவிட்டது. சாம்பல் நிறத்தில் பட்டுப்போல இருப்பதுதான் வேண்டும்.

எண்ணெய் 5 லீற்றர், மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில். தீப்பிடித்தால் மூடியால்தான் அணைக்க வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது. தேங்காய் எண்ணெய் நல்லதுதான், ஆனால் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். நுவரெலியாக் காலையில் அது நெய்க்கட்டி. காய்ந்த இரும்புத் துண்டொன்றைப் போட்டு 50, 60 பாகைக்குக் கொண்டுவாருங்கள். கத்தியை நுனி கீழாக நேரே இறக்கி, வெட்டுகிற திசையிலேயே முன்னும் பின்னும் அசையுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் ஒரு முகம் முந்தி ஆறி, கத்தி கோணும். தண்ணீரில் தோய்ப்பது வேண்டாம். ‘டிங்’ என்ற ஒரு சத்தத்தோடு வெடித்துவிடும்.

அரம் வழுக்கினால் இறுகிவிட்டது. கடித்தால் உடனே சோர்ந்துபோகாதீர்கள்: உலையில் மேல்தோல் காபனை இழந்திருக்கலாம். 0.2 மி.மீ. தேய்த்துவிட்டு மறுபடி பாருங்கள்.

இறுகிய கத்தியை அன்றே டெம்பர் செய்ய வேண்டும் (முறியும் தன்மை குறைய மிதமாக மறுபடி சூடாக்குவது), இரவு வைத்தால் தானாகவே வெடிக்கக்கூடும். மிச்ச மூன்று துண்டுகளையும் நல்ல சூட்டில் தோய்த்து, 200, 250, 300 பாகையில் இரண்டு மணி நேரம் வீதம் வைத்து, ஒவ்வொன்றிலும் புள்ளிக் குத்தால் அடையாளம் போடுங்கள். வீட்டு அவன் காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே வெப்பமானி வையுங்கள். வெப்பமானியைக் கொதிநீரில் சரிபார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1,868 மீற்றர் உயரத்தில், நுவரெலியாவில், தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அங்கே வெப்பமானி 100 காட்டினால் அதுதான் பிழை.

பளபளப்பாக்கிய முகத்தில் வைக்கோல் நிறம், தவிட்டு நிறம், நீலம் என்று வரிசையாக ஏறும். நேரம் நீண்டால் குறைந்த சூட்டிலும் நிறம் கூடும் என்பதால் நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மூன்றையும் வைஸில் வளைத்துப் பாருங்கள். குரோமியப் பட்டைக்குப் பெரும்பாலும் 230 முதல் 250 சரிவரும். சிறு கோணல் இருந்தால், டெம்பர் சூடு ஆறுமுன் மரக்கட்டையில் வைத்து நிமிர்த்திவிடலாம்.

கிரைண்டரில் கூர் பிடிக்கும்போது தொடுவதற்கொருமுறை தண்ணீரில் நனையுங்கள். வாயில் நீலம் ஏறிய இடத்தில் இறுக்கம் போய்விட்டது, அந்த இடம் முழுதும் தேய்த்தெடுக்கப்பட வேண்டும். பிறகு கவ்வாத்துக்காரர் ஒருவரிடம் கொடுத்து ஒரு நாள் வெட்டச் சொல்லுங்கள். தேயிலைக் கிளையின் பட்டை கிழியாமல், சரிவாக, ஒரே வெட்டில் விழ வேண்டும். கிழிந்த இடத்தில் ஈரம் இறங்கி வாது உக்கிப்போகும். மாலையில் வாயைப் பாருங்கள்: மடங்கியிருந்தால் அடுத்த கத்திக்கு டெம்பர் சூட்டை 20 பாகை குறையுங்கள், பல்லுப்பல்லாகச் சிதறியிருந்தால் 20 கூட்டுங்கள்.