வெங்கரை மறுபடி எடைபோடுவது எப்படி?

ஆர்சனல் ரசிகர்களே, நம் கால்பந்து கிளப்பின் முன்னாள் மேலாளர் வெங்கரைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், அவர் விலகிய 2018-இன் கோபத்திலிருந்து தொடங்காதீர்கள், அவர் வந்து சேர்ந்த 1996-இலிருந்து வாருங்கள். 3 இங்கிலாந்து லீக் பட்டம், 7 எஃப்ஏ கோப்பை (இங்கிலாந்தின் நாக்அவுட் கோப்பை), 2003-04-இல் 38 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காத அணி. இதில் யாருக்கும் சண்டை இல்லை.

அப்புறம் 2005 முதல் 2014 வரை கோப்பையே இல்லாத காலம், இங்கேதான் நிதானம் வேண்டும். 2006-இல் எமிரேட்ஸ் என்ற புதிய மைதானத்துக்கு மாறியதால் கிளப் தலையில் கடன், எதிரே செல்சியிலும் மான்செஸ்டர் சிட்டியிலும் பணம் கொட்டுகிறது, நம் நட்சத்திர வீரர்கள் ஃபாப்ரிகாஸும் வான் பெர்சியும் கிளம்பிவிட்டார்கள், அப்படியும் மனிதர் வருடா வருடம் லீக்கின் முதல் 4 இடத்துக்குள், அதாவது ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்குக்கு வழி தரும் இடத்துக்குள், அணியை நிறுத்தினார். 'நாலாவது இடமும் ஒரு கோப்பையா?' என்று கத்தியவர்கள், 2017-க்குப் பிறகு ஆறு சீசன் சாம்பியன்ஸ் லீக் இல்லாமல் கழிந்ததையும் சேர்த்துப் பாருங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் மன்னிக்கவும் வேண்டாம். 2011-இல் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில் 8-2 தோல்வி ஒரு பக்கம். அதைவிட வலிப்பது 2015 கோடை: கோல்கீப்பர் செக்கைத் தவிர முதல் அணிக்கு யாரையும் வாங்கவில்லை, அந்த சீசனில் லெஸ்டர் பட்டம் வென்றது, நாம் இரண்டாமிடம். அதை அவர் கணக்கில்தான் எழுத வேண்டும். என்னைக் கேட்டால், 2017 எஃப்ஏ கோப்பையோடு அவர் விடைபெற்றிருக்கலாம்.