கன்ட்ரி பாடகர் குரலை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரியின் பாடகர் கார்த் புரூக்ஸ் 1999-ல் செய்ததை இன்றும் பலர் கேலியாகவே பேசுகிறார்கள். ஒக்லஹோமாக்காரர், கௌபாய் தொப்பியோடே மனதில் பதிந்தவர், 1990-களில் அமெரிக்காவில் மிக அதிகமாக ஆல்பம் விற்ற பாடகர்களில் ஒருவர். அவர் திடீரென்று கறுப்பு விக், உதட்டுக்குக் கீழே துளித் தாடி சகிதம் கிறிஸ் கெயின்ஸ் என்ற ஆஸ்திரேலிய ராக் பாடகராக வந்து நின்றார். அந்தப் பாடகர், அவருடைய வாழ்க்கை வரலாறு, 'இத்தனை வருட ஹிட் பாடல்கள்' என்று சொல்லப்பட்ட தொகுப்பு எல்லாமே கற்பனை. பின்னால் படம் ஒன்றும் வரும் என்றார்கள், வரவே இல்லை.

எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. அந்த ஆல்பத்தில் அவர் நன்றாகத்தான் பாடியிருக்கிறார். கன்ட்ரி இழுவையைக் குறைத்து, மூச்சு கலந்த மென்குரலில் ஃபால்செட்டோ என்ற மெல்லிய உச்சக்குரல் வரை போய் வருகிறார். அதில் ஒரு பாட்டு அமெரிக்காவின் ஹிட் பாடல் பட்டியலான பில்போர்டு ஹாட் 100-ல் 5-ஆம் இடத்தைத் தொட்டது. அவருடைய கன்ட்ரி ஹிட்கள் எதுவும் அந்தப் பட்டியலில் அவ்வளவு மேலே போனதில்லை. ஆக, தோற்றது குரல் அல்ல. பெயர், முகம், கதை, இசை, குரல் என்று அத்தனையையும் ஒரே மூச்சில் மாற்றியதுதான் தவறு. ரசிகருக்குப் பழக்கமானது என்று எதுவும் மிஞ்சவில்லை.

மாறாக, கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் 1978-ல் 'ஸ்டார்டஸ்ட்' ஆல்பத்துக்குப் பழைய பாப், ஜாஸ் பாடல்களை எடுத்துக்கொண்டார். தயாரிப்பாளர், மெம்ஃபிஸ் சோல் இசையில் வளர்ந்த புக்கர் டி. ஜோன்ஸ். ரெக்கார்டு கம்பெனிக்கு இது பெரிதாகப் பிடிக்கவில்லை. ஆனால் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் நின்று, பேசுகிற மாதிரியே பாடும் அவருடைய பாணியும் அந்த நைலான் தந்தி கிதாரும் அப்படியே இருந்தன. கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் அது ஏறக்குறைய பத்து ஆண்டுகள் நிலைத்தது. கன்ட்ரி பாடகி கேஸி மஸ்கிரேவ்ஸ் 2018-ல் குரலை வோகோடர் என்ற கருவியில் விட்டு எந்திரக் குரலாக்கினார். ஆனால் பக்கத்திலேயே கன்ட்ரிக்குப் பழக்கமான தந்தி வாத்தியம் பாஞ்சோ ஒலித்தது. அந்த ஆல்பத்துக்கு 2019-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது.

அடுத்தது தொண்டை சம்பந்தப்பட்டது. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. கன்ட்ரி பாடகர்களின் 'டுவாங்' என்ற கணீர் ஒலி வெறும் வட்டார வழக்கு அல்ல. குரல் நாண்களுக்குச் சற்று மேலே உள்ள இடம் குறுகுவதால் ஒலி கூர்மையாகி, பெரிதாக மூச்சைச் செலவழிக்காமலே டிரம்ஸைத் தாண்டிக் கேட்கிறது. அதை விட்டுவிட்டு மூச்சுக்குரலுக்கு மாறினால் ஸ்டுடியோவில் பிரச்சினை தெரியாது, மைக் உதட்டருகே இருக்கும். மேடையில் பேண்டு முழுதாக வாசிக்கும்போது அந்தக் குரல் அமுங்கிவிடும். மைக்கைக் கூட்டினால் ஃபீட்பேக் ஊளையிடும். வேறு வழியில்லாமல் பாடகர் தொண்டையை அழுத்துவார். நான்கு பாட்டில் குரல் கம்மிவிடும். மூச்சுக்குரலில்தான் பாடுவது என்று முடிவெடுத்தால், அந்த இடங்களில் டிரம்ஸையும் எலெக்ட்ரிக் கிதாரையும் அடக்கி வாசிக்கும்படி பாட்டை முதலிலேயே அமைத்துக்கொள்ள வேண்டும்.

நெஞ்சுக்குரலிலிருந்து மேல்குரலுக்குத் தாவும்போது வரும் உடைவை, பாப் பாணிக்காக மழுமழுவென்று தேய்த்துவிடுகிறவர்களும் உண்டு. 1920-களில் கன்ட்ரி பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸ், குரலை இப்படித் தாவவிட்டுப் பாடும் யோடல் பாடிய காலத்திலிருந்து அந்த உடைவு இந்த இசையின் சொத்து. அதைத் தேய்க்காமல் அப்படியே இருக்க விடுங்கள்.

கடைசியாக மென்பொருள். கன்ட்ரியில் ஸ்வரங்களுக்கு நடுவே குரல் வழுக்கிப் போகும். பெடல் ஸ்டீல் கிதாரும் அதே மாதிரி வழுக்கிப் பதில் சொல்லும். சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோ-டியூன் மென்பொருளில் திருத்தும் வேகத்தை முழுதாகக் கூட்டினால் இந்த வழுக்கல்கள் எல்லாம் படிக்கட்டாகிவிடும், கமகத்தை நீக்கிப் பாடிய தோடி மாதிரி. எந்திர ஒலிதான் வேண்டும் என்றால் அதை ஒரு பல்லவிக்கோ பின்னணிக் குரலுக்கோ வைத்துக்கொள்ளலாம். சரணத்தில் கதை சொல்லும் வரிகளில் வேகத்தைக் குறைத்து, சுருதி தவறிய இடங்களை மட்டும் கையால் ஒவ்வொன்றாகத் திருத்துவது நல்லது.